வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மழை

எங்கள் வீட்டில் ஜெபம் முடிந்தால்தான் சோறு. அதனால் சிறுவயதில் ஆண்டவர் என்றதும் எனக்குப் பசிதான் முதலில் நினைவுக்கு வரும். விளக்கு வைத்ததும் பாய் விரித்து அப்பா, அம்மா, அக்கா, நான் எல்லாரும் முழங்கால் போடுவோம். ஆளுக்கொரு ஜெபம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்பாவின் ஜெபம் நாட்டை ஆளுகிறவர்களில் தொடங்கி எங்கள் எருமையின் மடிவீக்கத்தில் வந்து முடியும். அம்மாவுக்கு அந்த நடை வராது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவது போல நாலு வார்த்தை பேசிவிட்டு எழுந்துவிடுவாள். ஆனால் பகலெல்லாம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதுகூட, அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

நான் ஐந்தாவது படித்த வருடம் அது. வேப்பந்தட்டைக்குக் கிழக்கே எங்கள் ஊரில் எல்லாமே மானாவாரிக் காடு, வானம் பார்த்த பிழைப்பு. எங்கள் காட்டில் பருத்தி வெடித்து வெள்ளை வெளேரென்று நின்றது. ஒரு மழை விழுந்தால் போயிற்று. நனைந்து கறுத்த பஞ்சை வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அந்தப் பருத்தியை நம்பித்தான் அக்காவைத் திருச்சியில் நர்சிங் சேர்ப்பதாக இருந்தது.

வரப்புக்கு அந்தப் பக்கம் சுமதி வீட்டுக் காடு. சுமதி என் வகுப்பு. அவள் அம்மாவை நான் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவேன். முதலில் போட்ட விதை முளைக்காமல், இரண்டாம் தரம் பிந்தி விதைத்த மக்காச்சோளம், கதிர் பிடிக்கிற நேரத்தில் தோகை சுருண்டு நின்றது. ஒரே ஒரு மழை பெய்தால் பிழைத்துவிடும். இல்லையென்றால் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போக வேண்டியதுதான், சுமதியின் படிப்பும் அதோடு சரி. அய்யனாருக்குப் பொங்கல் வைத்துப் பார்த்துவிட்டு, சின்னம்மா ஒரு நாள் வரப்பில் நின்று அம்மாவைக் கேட்டாள்.

"அக்கா, உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வைங்களேன். எங்க காட்டுக்கு ஒரு மழ வேணும்."

அம்மா மடி நிறையப் பஞ்சோடு நின்றாள். "சொல்றேன்டி" என்றாள். பேச்சுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா, பஞ்சு எடுத்து முடியும்வரை மேகங்களைத் தடுத்து நிறுத்தும்படி வெகு அழகாக ஜெபித்தார். அடுத்து அம்மா ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, சுமதி வூட்டுக் காடு காயுது. ஒரு மழயக் குடுங்க. அந்தப் புள்ளய சூளைக்கு அனுப்பிடாதீங்க."

அப்பா கண்ணைத் திறந்துவிட்டார். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் கண் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

சோறு போடும்போது அப்பா கேட்டார். "நம்ம காட்டுல பஞ்சு வெடிச்சு நிக்கிறது தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்ங்க."

"தெரிஞ்சேவா கேட்ட?"

"நமக்குத்தான் நீங்க கேக்குறீங்களே. அவங்களுக்கு யாரு கேப்பா?"

அக்கா பாதிச் சோற்றில் கை கழுவினாள்.

ஒரே வீட்டிலிருந்து இரண்டு மனு போனால் ஆண்டவர் என்ன செய்வார் என்பது எனக்குப் பெருங்கவலையாகிவிட்டது. எங்கள் தலைமையாசிரியராக இருந்தால் இருவரையும் முட்டி போட வைத்திருப்பார். நாங்கள் ஏற்கெனவே முட்டி போட்டுத்தான் இருந்தோம். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்து, வரப்புக்கு அந்தப் பக்கம் மட்டும் மழை பெய்யட்டும் என்று மறுநாள் ஜெபித்தேன். அக்கா தொடையில் கிள்ளினாள்.

அம்மா விடவில்லை. தினமும் அதையே கேட்டாள். கேட்டதோடு நிற்காமல் விடிவதற்கு முன்பே காட்டுக்குப் போய்ப் பஞ்சு எடுத்தாள். காய் ஓடு குத்தி விரலெல்லாம் கீறல். மழை எப்படியும் வந்துவிடும் என்று எங்கள் வீட்டில் நம்பியது அவள் ஒருத்திதான்.

ஒரு மத்தியானம் கிழக்கே மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. பெரிது பெரிதாக நாலு சொட்டு விழுந்தது. அதற்குள் காற்று கிளம்பி, மேகத்தைப் பச்சைமலைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அப்பா "ஸ்தோத்திரம்" என்று சத்தமாகச் சொன்னார். அம்மா பருத்திச் செடிகளுக்கு நடுவில் முகத்தை மேலே தூக்கியபடி நின்றாள். வெகுநேரம் அப்படியே நின்றாள்.

எங்கள் பஞ்சு ஒரு பொட்டு நனையாமல் வீடு வந்து சேர்ந்தது. அப்பா சபையில் எழுந்து, கர்த்தர் மழையை நிறுத்தினார் என்று சாட்சி சொன்னார். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள், நானும் பெருமையாகச் சொன்னேன்.

அடுத்த வாரம் சுமதி வீட்டார் சட்டிபானையோடு கிளம்பினார்கள். சுமதி என்னிடம் இரவல் வாங்கியிருந்த ரப்பரைத் திருப்பிக் கொடுத்தாள். சின்னம்மா வீட்டைப் பூட்டிச் சாவியை அம்மா கையில் வைத்தாள். "நீங்க கேட்டீங்கக்கா. எனக்குத் தெரியும்" என்றாள். அம்மாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற அப்பா, மூட்டையைத் தூக்கிவிடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அப்பா வழக்கம்போலத் தொடங்கினார். "எங்கள் ஜெபத்தைக் கேட்டீரே, ஆண்டவரே" என்ற இடத்தில் நின்றுவிட்டார். அதற்கு மேல் அவருக்கு ஓடவில்லை. எல்லா நாளும் சொன்ன அதே குரலில் அம்மா சுமதியின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தாள்.

எழுந்ததும் அம்மாவைக் கேட்டேன். "அதான் காஞ்சு போச்சே. இன்னும் எதுக்கும்மா?"

"காடுதான்டி காஞ்சுச்சு. அவங்க எங்கயோ ஒரு எடத்துல இருக்காங்கல்ல."

அப்பா ஜெயித்தார், அம்மா தோற்றாள் என்றே நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். ஜெயித்தவர் அதன் பிறகு எந்தப் பருத்திக் காலத்திலும் மழை வேண்டாமென்று ஏன் கேட்கவில்லை, நர்சிங் படிக்கப் போன அக்கா விடுமுறைக்கு வந்து முழங்கால் போட்டதும் தன் பரீட்சையை விட்டுவிட்டுச் சுமதிக்காக ஏன் அழுதாள் என்பதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. ஜெபம் வரவர நீண்டுகொண்டே போகிறதே என்றுதான் நினைத்தேன். எனக்குப் பசித்தது.