முகத்தைப் பார்த்துக் குறை சொன்னவர்

பெங்களூர் ஹெப்பகோடியில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. திரையில் வின்சென்ட் பெயர். பேசியது ஒரு பெண்.

"வின்சென்ட் அக்கா பேசறேன்பா. தம்பி காலையில தவறிட்டான். மஞ்சக்காமாலை முத்திப் போச்சுன்னாங்க. அவன் போன்ல உங்க பேருதான் மேல இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க அவனுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டார்.

சொந்தம் இல்லை, ஒரே ஆபீஸ் இல்லை, ஒரே சர்ச்சும் இல்லை. "ஒண்ணா கேம் ஆடுவோம்மா" என்றேன். முப்பதைத் தாண்டிய ஆள் சாவு வீட்டுக்குச் சொல்கிற பதிலா இது? அவர் "சரிப்பா, வந்துடுங்க" என்று வைத்துவிட்டார்.

நம் இன்டர்நெட் ஃபோரத்தில் இருந்து, இப்போது எங்கெங்கோ போய்விட்ட நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் வின்சென்ட்டுக்கும் ஒரே வயது, நேரில் வா போதான். எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. செத்த பிறகு மரியாதையைப் பார் என்று கேலி செய்திருப்பார்.

அவருக்குக் கூரியர் ஆபீஸ் கவுண்டரில் வேலை. இரண்டாயிரத்தை ஒட்டிய அந்த வருடங்களில், ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக ஸ்ரீராம்புரம் பிரவுசிங் சென்டருக்கு வந்துவிடுவார். நாம் எல்லோரும் கிறுக்காகக் கிடந்த அந்தத் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில், சண்டை போடும் இடத்தை நாமே கட்டிக்கொள்ளலாம். அதை மேப் என்போம். வாரம் முழுக்க ஃபோரத்தில் ஒருவர் மேப்பை ஒருவர் கிழித்துத் தோரணம் கட்டுவோம். வின்சென்ட்தான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்: என்ன திட்டுவதானாலும் ஞாயிற்றுக்கிழமை வந்து, கட்டியவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆடிக்கொண்டே திட்ட வேண்டும்.

என் முதல் மேப் ஸ்ரீராம்புரம் சந்துகள்தான். தண்ணீர்த் தொட்டி, குழாயடி, மாடிப்படி எல்லாம் வைத்திருந்தேன். எல்லோரும் "சூப்பர் குரு" என்றார்கள். தலை கால் புரியவில்லை எனக்கு. வின்சென்ட் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு, "சேகர், தொட்டி பின்னாடி சந்துல பூந்தவன் வெளியே வர வழியே இல்ல. அவன் இன்னா பாவம் பண்ணான்?" என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தச் சந்தில் ஒரு வழி திறந்துவிட்டேன். அதன் பிறகுதான் அந்த மேப்பை ஜனங்கள் விரும்பி ஆடினார்கள்.

ஆனேக்கலிலிருந்து வெங்கடேஷ் வந்த ஞாயிறு உங்களுக்கு நினைவிருக்கும். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவன். அவன் போட்ட முதல் மேப்புக்கு, "இதுக்கு பதிலா மாடு மேய்க்கப் போ" என்பதுதான் வந்ததிலேயே நாகரிகமான பதில். வின்சென்ட் அவனைக் கூப்பிட்டார். இரண்டு பஸ் மாறி வந்தான். ஃபோரத்தில் திட்டி எழுதிய வீரர்கள் ஒவ்வொருவராக அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மாடு மேய்க்கச் சொன்னவர் திரையையே பார்த்துக்கொண்டு, "பரவால்ல மச்சா, லைட்டு மட்டும் ஸ்வல்பம் ஜாஸ்தி" என்றார்.

நாங்கள் சிரித்தோம். வின்சென்ட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்கே காறித் துப்பறீங்கோ, இங்கே பூ வைக்கறீங்கோ. இவன் இவ்ளோ தூரம் வந்தது 'பரவால்ல' கேக்கறதுக்கா?" என்று அவரே உட்கார்ந்தார். ஓடி ஒளிய இடம் இல்லை, ஒரு பக்கத்துக்கு மட்டும் சாதகம், கதவு தப்பான திசையில் திறக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். குரல் உயரவில்லை, கேலி இல்லை. ஒவ்வொரு குறைக்கும் எப்படி மாற்றலாம் என்றும் சொன்னார். வெங்கடேஷ் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். டீ வேண்டாம் என்று கிளம்பியவன் பிறகு வரவே இல்லை.

அது வின்சென்ட்டை அரித்தது. "சொன்னது சரிதானே? சொன்ன விதம் தப்போ?" என்று என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார். சரி என்பேன். ஆனாலும் சென்டர் கதவு திறக்கும் போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பார்.

அப்புறம் வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வந்தது. வீட்டில் உட்கார்ந்து திட்டுவது சுலபம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினீர்கள். உங்கள் மேல் கோபம் உண்டு, மறைக்க மாட்டேன். கடைசி சில வருடங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

அடக்கத்துக்கு நம் ஆட்களில் நான் ஒருவன்தான் போனேன். கூரியர் ஆபீஸ்காரர்களும் சொந்தக்காரர்களும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். "தங்கமான பையன். ஒருத்தரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல" என்றார் ஒரு பெரியவர். அக்காவும் தலையாட்டினார். "வீட்லயும் அப்படித்தான். எதைப் போட்டாலும் நல்லாருக்குன்னு சாப்டுவான்." எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாரிடமும் வாயைத் திறக்காத மனிதர் நம்மிடம் மட்டும்தான் குறை சொல்லியிருக்கிறார். அதை அங்கே யாரிடம் சொல்வது?

அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது நான் ஒரு புது மேப்பை முடித்து வைத்திருந்தேன். எழுந்து வந்ததும் காட்ட நினைத்தேன். அடக்கம் முடிந்த வாரம் ஃபோரத்தில் போட்டுவிட்டேன். புதிதாக வந்திருப்பவர்கள் சூப்பர், செம என்று எழுதியிருக்கிறார்கள். வின்சென்ட்டிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த 'சூப்பர்' மேல் ஒரு சந்தேகம்தான். அந்த மேப்பில் எங்கோ ஒரு தப்பு இருக்கிறது. திரும்பத் திரும்ப ஆடிப் பார்க்கிறேன், எனக்குப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சென்டரில் இருப்பேன். உங்களில் யாராவது வந்து அது எங்கே என்று சொல்லுங்கள்.