யார் தூக்குவார்கள்?

மோர்மன் சபைக்குப் போவதை நிறுத்திய பிறகு சுஜீவா முதல்முறையாக வீடு மாறுகிறாள். போன தடவை சபைச் சகோதரர்கள்தான் கட்டிலிலிருந்து கரண்டி வரை தூக்கிக் கொடுத்தார்கள். இப்போது அவர்களைக் கூப்பிட எந்த முகத்தோடு போவது? ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரத் தமிழ்ப் பாடசாலையில் தன்னோடு படிப்பிக்கும் பேர்பெச்சுவா அக்காவிடம் மட்டும் தயங்கித் தயங்கிச் சொல்லியிருந்தாள். மதியத்துக்குள் பழைய வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மழை வேறு. ஒருவரையும் காணவில்லை.

கடைசியில் மணி அடித்தது. வாசலில் அக்கா, பின்னால் மாணவர்களின் தகப்பன்மார் நாலைந்து பேர், நனைந்தபடி.

"என்னடி முழுசிக்கொண்டு நிக்கிறாய்? வழியை விடு!"

"அக்கா, நான் உங்கட மாதா கோயிலுக்கும் வாறேல்லையே..."

"கோயிலே வந்து உன்ர வோஷிங் மெஷினைத் தூக்கப்போகுது? அந்தப் பக்கத்தைப் பிடி!"

சுஜீவா பிடித்தாள்.