ஒரு ஜோடி மாட்டுக்கு ஒரு ஃபாரின் காரு

எமர்ஜென்சி முடிஞ்ச சமயம் எங்க வூட்டுக்காரருக்கு கார் பைத்தியம் புடிச்சிது. அதுவும் சின்ன கார் இல்ல, ஃபாரின் கார். உத்திரமேரூர்ல ஒரு பெரியவரு, மெட்ராஸ்ல உத்யோகம் பாத்துட்டு நெலம் வாங்கிக்கினு வந்தவரு. அவருகிட்ட கப்பல் மாதிரி ஒண்ணு இருந்துது. அவருக்கு உழவு மாடு வேணும், இவருக்கு கார் வேணும். மாத்திக்கலாம்னு பேசிட்டாங்க. நான் கன்னுலேர்ந்து வளத்த ஜோடி! "கல்யாணத்துக்கு வாடகைக்கு வுட்டா நீ ராணி மாதிரி இருக்கலாம்மே"ன்னாரு. எனக்கு அழுகையா வந்துது. ராணின்னதும் கொஞ்சம் சிரிப்பும் வந்துது, அது வேற விஷயம்.

வெள்ளிக்கிழம காலைல அந்த மாட்டையே வண்டில பூட்டிக்கினு திருப்புலிவனத்துலேர்ந்து போனோம். கார் கொட்டாய்க்குள்ள நெழல்ல நின்னுக்கினு இருந்துது. பளபளன்னு புது பெயிண்டு. எங்க ஆளு சந்தைல மாடு பாக்குற மாதிரியே சுத்திச் சுத்தி வந்தாரு. பின்னாடி தட்டுனாரு, குனிஞ்சி காலப் பாத்தாரு, முன்னாடி பல்லாட்டம் இருந்த கம்பியத் தடவுனாரு. சுழி ஒண்ணுதான் பாக்கல. நான் இஞ்சின் மூடி மேல கைய வெச்சேன். அடேயப்பா, தோசக்கல்லு! நெழல்ல நிக்கிற காருக்கு இன்னா இப்படி ஒரு காய்ச்சல்னு கேட்டேன். "ஃபாரின் இரும்பும்மா, அப்படித்தான் இருக்கும்"னாரு பெரியவரு.

ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன்னு சாவிய எடுத்தாரு. மணி பத்தரை தாண்டிடுச்சி. "ஐயய்யோ, ராகு காலம்! பன்னண்டுக்கு மேல தொடுங்க"ன்னேன். மாட்டோட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமேன்னுதான் சொன்னேன், வேற ஒரு சூதும் இல்ல. பெரியவரு மூஞ்சி செத்துப் போச்சி. இப்பவே பண்ணிட்டா நல்லதுன்னு திரும்பத் திரும்ப சொன்னாரு. ராகு கால விஷயத்துல எங்க ஆளு மசியற ஜாதி இல்ல.

அதுவரைக்கும் நான் பின் சீட்டுல. மெத்தைன்னா மெத்தை! குதிச்சேன். கண்ணாடிய எறக்குனேன், பொத்துன்னு கதவுக்குள்ள வுழுந்துது, மேல வரவே இல்ல. காலுக்கடில கம்பளத்த நீக்குனா துரு தின்ன ஓட்டை. அது வழியா ஒரு கோழி என்னயே பாத்துக்கினு கீது. "யோவ், உள்ள வந்து பாருய்யா, கோழி கீது!"ன்னு கத்துனேன். சிரிச்சி சிரிச்சி வயிறு வலிச்சிது. "காத்து வரும்மே, நல்லதுதான்"ன்றாரு. அவ்ளோ ஆசை மனுசனுக்கு.

பன்னண்டு அடிச்சிது. கற்பூரம் காட்டி, டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சி, சாவியத் திருப்புனா இருமுது. மறுபடியும் திருப்புனா மறுபடியும் இருமுது. நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி சூடு பண்ணி வெச்சிருந்தாருன்னு அப்பதான் புரிஞ்சிது. ஆறிப்போனா அது எழுந்திரிக்காது. தெருவுல போறவங்கள்லாம் வந்து தள்ளுனாங்க. ம்ஹூம். கடைசில பெரியவரே சொன்னாரு, "உங்க மாட்டப் பூட்டி ஒரு இழுப்பு இழுங்க, புடிச்சிக்கும்."

கயிறு கட்னோம். எங்க ஆளு மாட்டுக் கயித்தப் புடிச்சிக்கினு முன்னாடி, பெரியவரு ஸ்டியரிங்ல, எறங்க மாட்டேன்னு நான் பின் சீட்டுல. என் மாடு ரெண்டும் கழுத்து மணி குலுங்க இழுத்துக்கினு போவுது. ராணிதான் நானு! ரெண்டு பக்கமும் கைய ஆட்டுனேன். தெருக்கோடில டமால்னு ஒரு சத்தம், தெருவே தெரியாத அளவுக்குப் புகை, இஞ்சின் புடிச்சிக்கிச்சி. நல்ல வேளை, பிரேக்கும் புடிச்சிது.

பெரியவரு எறங்கி வேர்வையத் தொடச்சிக்கினு, "பாத்தியாப்பா? முடிச்சிக்கலாமா?"ன்னு மாட்டுக் கயித்த வாங்கக் கைய நீட்டுனாரு. நான் எறங்கி ஓடிப்போயி மாட்டுக்குப் பக்கத்துல நின்னுக்கினேன்.

எங்க ஆளு காரப் பாத்தாரு, மாட்டப் பாத்தாரு. கயித்த வுடல.

"மாட்ட உங்களுக்குக் குடுத்துட்டா, நாளைக்கி இத்த யாருங்கய்யா ஸ்டார்ட் பண்றது?"