ஊதினால் பாஸ், நடந்தால் ஃபெயில்

காது ஆபரேஷன் முடிந்து இன்றுதான் தேர்வாய் கண்டிகையில் இருக்கும் எங்கள் கம்பெனிக்கு வேலைக்குத் திரும்பினேன். வருஷக்கணக்கான தலைசுற்றல் போய்விட்டது. நடையில்தான் இன்னும் ஆட்டம்.

கேட்டில் செக்யூரிட்டி என் நடையைப் பார்த்துவிட்டு, குடித்திருக்கிறேனா என்று பார்க்கும் மிஷினை நீட்டினார்.

"இன்னா நைனா, காலையிலயே ஏத்திக்கினு வந்துட்டியா? ஊது. தப்பா காட்டுச்சுன்னா வேலை கெடையாது."

"ஆபரேஷன் காதுலப்பா, வாயில இல்ல" என்று ஊதினேன். ஒன்றும் காட்டவில்லை.

"சரி, சொவுத்த புடிச்சிக்கினு உள்ள போ."

பின்னால் எங்கள் செக்‌ஷன் முருகன், தரையில் போட்ட மஞ்சள் கோட்டின்மேல் நூல் பிடித்த மாதிரி நடந்து வந்தான். ஊதினான். மிஷின் அலறியது.

"ஊட்டுக்குப் போடா."

அதே கோட்டின்மேல், அசையாமல் திரும்பிப் போனான். எனக்கு வயிறு எரிந்தது.

போகிறவன் அந்த நடையை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். நீங்க இன்னா சொல்றீங்க?