இடம் மாறிய துணைக்கால்

என் கையெழுத்து அழகாக இருக்கும். மாதுங்கா நூலகத்தின் செயற்குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்கு இருபத்து மூன்று வயது. ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. மற்ற உறுப்பினர்கள் எல்லாரும் என்னைவிடப் பெரிய உத்தியோகத்தில் இருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதாவது என்னோடு சேர்ந்து சிரிக்க வேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை இருந்தது.

நூலகம் என்றால் மாடியில் இரண்டு அறைகள்தான். மாதத்தின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு காரியம் உண்டு. முதல் ஞாயிறு, மதராஸிலிருந்து வந்த புதுப் புத்தகங்களை மேஜைமேல் பரப்பி வைப்போம். இரண்டாவது ஞாயிறு, இந்தியிலேயே பேசிக்கொண்டு திரியும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வகுப்பு. மூன்றாவது ஞாயிறு சொற்பொழிவு. பேசுகிறவர் ஒருவர்தான் விழித்திருப்பார். கடைசி ஞாயிறு எங்கள் கையெழுத்துப் பத்திரிகை வெளியாகும்.

பத்திரிகைக்கு ஒரே பிரதிதான். உறுப்பினர்கள் எழுதித் தருவதை நான் வழுவழுப்பான தாளில் அழகாக எழுதிப் படம் போட்டு, தடித்த அட்டைக்குள் தைப்பேன். பிறகு அது ஒவ்வொரு வீட்டிலும் மூன்று நாள் என்று மாதுங்கா, வடாலா, குர்லா, செம்பூர் எல்லாம் சுற்றும். கடைசியில் சில பக்கங்களை வெறுமையாக விட்டிருப்போம். படித்தவர்கள் தங்கள் கருத்தை அங்கே எழுதலாம். உண்மையைச் சொன்னால், கதை கட்டுரைகளைவிட அந்தப் பக்கங்களைத்தான் எல்லாரும் முதலில் புரட்டினார்கள்.

தாராவியிலிருந்து வரும் ஒரே உறுப்பினர் ஒரு பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். திருநெல்வேலிக்குத் தெற்கே ஏதோ ஊரைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. வேலை முடிந்து நேராக வருவதால் அவள் புடவையில் ஃபினாயில் வாசனை இருக்கும். எங்கள் பத்திரிகையின் ஆசிரியர் அவளுக்கு 'ஃபினாயில்' என்றே பெயர் வைத்திருந்தார். அவருக்குச் செம்பூரில் வீடு, பெரிய கம்பெனியில் அதிகாரி, வேடிக்கையாகப் பேசுவதில் சமர்த்தர். "ஃபினாயில் வந்துட்டுப் போயாச்சா? ஜன்னலைத் திறந்து விடுடா" என்பார். நான் எழுந்து போய்த் திறந்து விடுவேன். திறந்தே இருக்கும் ஜன்னலைக்கூட ஒரு தரம் சாத்திவிட்டுத் திறப்பேன். அதற்கும் சிரிப்பார்கள்.

அவளைவிட அதிகமாகப் புத்தகங்கள் படித்த உறுப்பினர் வேறு யாரும் இல்லை என்பது புத்தகம் கொடுக்கும் நோட்டைப் பார்த்தாலே தெரியும். அதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

ஒரு நாள் அவள் நான்காக மடித்த இரண்டு தாள்களை என்னிடம் நீட்டினாள்.

"சார், இதப் பத்திரிகைல போடுவியளா? எழுத்துத் தப்பு கெடந்தா நீங்க திருத்திக்கிடுங்க. எனக்கு அஞ்சாப்பு வரைக்கும்தான் படிப்பு."

"கமிட்டி பார்த்துச் சொல்லும்" என்று வாங்கிக்கொண்டேன்.

அவள் தம்பியைப் பற்றி எழுதியிருந்தாள். பத்தொன்பது வயது. தோல் ஷாப்பில் வேலைக்கென்று ஊரிலிருந்து வந்தவன். வந்த நாலாம் மாதம் காய்ச்சல் கண்டு, அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருக்கிறார்கள். அம்மா அப்போது ஊரில் இருந்திருக்கிறாள். அவள் இருந்தது ஒரு வார்டு, அவன் கிடந்தது இன்னொரு வார்டு. இடையில் நேரம் கிடைக்கும்போது ஓடிப் போய்ப் பார்த்து வந்திருக்கிறாள். கடைசி நாள் அவனுக்கு மூச்சு வாங்குகிறது என்று யாரோ வந்து சொன்னபோது அவள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். மிச்சத்தையும் துடைத்துவிட்டுப் போ என்றாளாம் மேற்பார்வை நர்ஸ். துடைத்துவிட்டுப் போனாள். போனபோது அவன் இல்லை. அவ்வளவுதான் கட்டுரை. அழுததாகவோ சாபம் விட்டதாகவோ ஒரு வரி கிடையாது. ஈரத் தரையில் தன் கால் வழுக்கியதை மட்டும் எழுதியிருந்தாள்.

இன்றைக்குப் படித்தால் என்னால் அதைத் தாங்க முடியாது. அன்றைக்கு எனக்குக் கண்ணில் பட்டது 'தொடைச்சேன்' என்ற எழுத்துதான். 'இறந்தான்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'இரந்தான்' என்று இருந்ததும்தான்.

செயற்குழுவில் ஆசிரியர் அதை வாங்கிப் பார்த்தார். இரண்டாவது பத்தியிலேயே தோள் குலுங்கிற்று. "பிரமாதம்டா! ஒண்ணையும் திருத்தாதே. அப்படியே போடு. நகைச்சுவைப் பகுதியிலே போடு."

"செத்துப்போனதைப் பத்தின்னா எழுதியிருக்கா?" என்றார் இன்னொருவர்.

"எதைப் பத்தி எழுதினா என்ன ஓய்? எப்படி எழுதியிருக்கா பாரும்!"

இதுவரைக்கும் அவர்கள் செய்தது. இதற்குமேல் நான் செய்தது.

இரவல் வாங்கிய மேஜையில் உட்கார்ந்து அதைப் பிரதி எடுத்தேன். அவளுடைய பிழைகளை ஒன்றுவிடாமல் எழுதினேன். ஆனால் போதவில்லை என்று தோன்றியது. ஆசிரியர் அடுத்த கூட்டத்தில் உரக்கச் சிரிக்கிற மாதிரி இன்னும் இரண்டு இருந்தால் தேவலை. 'தம்பி கட்டிலே கதியென்று கிடந்தான்' என்று அவள் சரியாகத்தான் எழுதியிருந்தாள். நான் ஒரு துணைக்காலைச் சேர்த்து, 'தம்பி காட்டிலே கதியென்று கிடந்தான்' என்று ஆக்கினேன். கீழே, முந்தின நாள் போய்ப் பார்த்ததைச் சொல்லும் இடத்தில், 'வாயில் பால் ஊற்றினேன், ஒரு மடக்கு உள்ளே போனது' என்று இருந்தது. அங்கே இருந்த துணைக்காலை எடுத்துவிட்டேன். 'வாயில் பல் ஊற்றினேன்.' எழுதி முடித்ததும் அவளுடைய தாளில் பேனா நிப்பைத் துடைத்து, கசக்கி எறிந்தேன். நிப் துடைக்க எப்போதும் பிரதி எடுத்து முடித்த தாள்களைத்தான் உபயோகிப்பேன். அதில் தனிப்பட்ட வன்மம் எதுவும் இல்லை. அந்த நாளில் என்னிடம் இருந்த வன்மமெல்லாம் அந்த இரண்டு எழுத்துக்களில் முடிந்துவிட்டது.

கடைசி ஞாயிறு அன்று அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. வரவில்லை. பத்திரிகை கைக்குக் கை போயிற்று. ஆசிரியர் காட்டுக்கு வந்ததும் மேஜையைத் தட்டிச் சிரித்தார். பல்லுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று நூலகம் பூட்டியபின் என்னைத் தன்னோடு காபி சாப்பிட அழைத்துப் போனார். அது முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து அவள் வந்தாள். "வந்திருக்கா சார்?"

"வந்திருக்கு. சுத்துக்குப் போயிருக்கு. உங்க முறை வரும்."

அவள் முறையைக் கடைசியில் வைத்திருந்தோம். தாராவிக்குப் போய்த் திரும்பினால் தோல் நாற்றம் ஒட்டிக்கொண்டுவிடும், பிறகு யாரும் தொட மாட்டார்கள் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். ஐந்து வாரம் அவள் காத்திருந்தாள். வரும்போதெல்லாம் கேட்டாள். "எங்க அம்மைக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா அட்டையத் தொட்டுப் பாக்கணும்னு ஒரே ஆசை" என்றாள் ஒரு தடவை, சிரித்துக்கொண்டே.

அந்த ஐந்து வாரத்தில் கடைசிப் பக்கங்கள் நிரம்பின. 'காட்டில் புலி இருந்ததா என்று எழுதவில்லையே!' என்று குர்லாவிலிருந்து ஒருவர். 'பல் ஊற்றும் முறையை விளக்கி அடுத்த இதழில் தொடர் வருமா?' என்று செம்பூரிலிருந்து ஒரு மாமி. வடாலாவில் யாரோ ஒருவர் மட்டும், 'இதில் சிரிக்க என்ன இருக்கிறது?' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழேயே வேறொரு கை, 'சிரிக்கத் தெரியாதவர்களுக்குத் தனிப் பதிப்பு வெளியிடப்படும்' என்று எழுதியிருந்தது. அது ஆசிரியரின் கை.

பத்திரிகை கடைசியாக அவளிடம் போயிற்று. மூன்று நாள் ஆயிற்று. பத்து நாளும் ஆயிற்று. திரும்பி வரவில்லை. அவளும் வரவில்லை. "போய் வாங்கிண்டு வா" என்று என்னை அனுப்பினார்கள்.

சயான் ஸ்டேஷனில் இறங்கி விசாரித்துக்கொண்டே போனேன். தகரக் கூரைக்குக் கீழே ஒரே அறை. வாசலில் அவள் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நூலகத்திலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்துவிட்டாள்.

"வாங்க சார், வாங்க. ஏட்டி, யாரு வந்திருக்கா பாரு!"

உள்ளே அவள் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தும் அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பத்திரிகை சுவரில் அடித்திருந்த பலகைமேல், பைபிளுக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் அதை எடுக்கக் கை நீட்டுவதற்குள் அம்மா எடுத்துவிட்டாள். எடுத்தவள் என் கையில் கொடுத்து, பாயை விரித்தாள்.

"இருங்க சார். எம்மவன் கதைய இவ எழுதியிருக்கான்னு இந்த வரிசைல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். எனக்கு வாசிச்சுக் காட்டுன்னா மாட்டேங்கா. இன்னைக்கு நாளைக்குங்கா. நீங்க வாசிங்க."

நான் மகளைப் பார்த்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாசிங்க சார்" என்றாள்.

வாசிக்கத் தொடங்கினேன். அப்போதுதான் ஒன்று எனக்குத் தெரிந்தது. உரக்க வாசிக்கும்போது அவளுடைய பிழை எதுவும் காதில் விழவில்லை. றகரத்துக்கு ரகரம் போட்டிருந்தால் என்ன, வாய்க்கு எல்லாம் ஒன்றுதான். அவள் பேசுகிற மாதிரியே இருந்தது. அம்மா முறத்தை மடியில் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. 'தம்பி கட்டிலே கதியென்று கிடந்தான்' என்று நிறுத்தாமல் வாசித்துக்கொண்டு போனேன்.

"அங்க அப்படியா எழுதியிருக்கு?" என்றாள் அவள். "எழுதியிருக்கத வாசிங்க சார்."

"தம்பி காட்டிலே கதியென்று கிடந்தான்" என்றேன்.

அம்மா கண்ணைத் திறந்தாள். "காட்டுலயா? ஆஸ்பத்திரில வச்சிருந்தோம்னுல்லா சொன்ன? எம்புள்ளையக் காட்டுலயாட்டி போட்டிருந்திய?"

அவள் என்னையே பார்த்தாள்.

"இல்லம்மா, கட்டில். கட்டில்னுதான் அவங்க எழுதிக் குடுத்தாங்க. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"ரெண்டு எடத்துலயும் நீங்கதான?" என்றாள் அவள்.

"ஆமா."

"நான் குடுத்த தாள் எங்க?"

"இல்லை. தூக்கிப் போட்டுட்டேன்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அம்மா விடவில்லை. "மிச்சத்தையும் வாசிங்க சார். சரியா உள்ளத வாசிங்க." அம்மாவின் குரலில் இப்போது கெஞ்சல் இருந்தது. நான் சரியாக வாசித்தேன். பால் ஊற்றியதை வாசித்தேன். மேற்பார்வை நர்ஸ் சொன்னதையும், அவள் தரை துடைத்ததையும், துடைத்துவிட்டுப் போனபோது அவன் இல்லை என்பதையும் வாசித்தேன். வாசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த அறையில் ஏதோ ஆகிவிட்டது தெரிந்தது. ஆனால் வாய் நிற்கவில்லை.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "ஓம் மடியில தல வச்சுப் போனான்னு சொன்னியேட்டி."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எம்புள்ள தனியாவா போனான்? நீ தரையா தொடச்சிக்கிட்டிருந்த?"

வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கு ஒன்று சொல்லிவிட்டு, உண்மையைத் தாளில் எழுதி எங்களிடம் கொடுத்திருந்தாள். மாதுங்காவிலும் செம்பூரிலும் படித்தவர்கள் படிப்பார்கள், அது அங்கேயே இருக்கும் என்று நம்பியிருக்கிறாள். அதை நான் அவள் வீட்டுக்குள் கொண்டுவந்து உரக்கப் படித்தேன். நான் எழுந்து, பத்திரிகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வருகிறேன் என்று சொல்லாமல் வெளியே வந்தேன். முறத்தில் கால் பட்டு அரிசி சிதறியது. குனிந்து அள்ளவில்லை.

நூலகத்தில் ஆசிரியர் பத்திரிகையை வாங்கி முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "ஃபினாயில் ஒண்ணும் எழுதலியே" என்றார், ஏமாற்றத்தோடு. நடந்ததை நான் சொல்லவில்லை. சொன்னால் அதையும் ஒரு வேடிக்கையாக்கி அடுத்த கூட்டத்தில் நடித்துக் காட்டியிருப்பார், நானும் சிரித்திருப்பேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு அவள் வந்தாள். புதுப் புத்தகங்களைச் சுற்றிக் கூட்டமாக நின்றார்கள். அவள் மேஜைப் பக்கம் போகாமல் நேராக என்னிடம் வந்து, கையிலிருந்த புத்தகத்தையும் உறுப்பினர் அட்டையையும் வைத்தாள்.

"இனி வரமாட்டேன் சார். பேரை அடிச்சிருங்க."

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"எங்கிட்டப் பேசல. நான் வச்ச சோத்தத் திங்கல. அக்கம்பக்கத்துல வாங்கித் திங்கா."

நான் நோட்டைத் திறந்து அவள் பெயர்மேல் கோடு போட்டேன். அளவுகோல் வைத்து நேராகப் போட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டு மாடிப்படி இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் அந்தப் பத்திரிகையை எழுதினேன். ஆசிரியர் மாற்றலாகி டில்லிக்குப் போனதும் ஆசிரியர் பொறுப்பும் எனக்கே வந்தது.