காலரா தொடாத வம்சம்

ஆம்பூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த என் மாமியார் நகையைப் பற்றிக் கேட்கவில்லை. "உங்க வூட்டுல யாரையாவது காலரா தூக்கிட்டுப் போச்சா?" என்றுதான் கேட்டார். மாமனாரின் வம்சத்தில் ஒருவரையும் அது தொட்டதில்லையாம். தோல் பதனிடும் ஷாப்பு நாற்றத்தில் நாளெல்லாம் நின்றாலும், பாலாற்று ஊற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தாலும் ஒன்றும் ஆகாத ரத்தமாம்.

எனக்குத் தலைப்பிள்ளை பிறந்த வருஷம் ஊரில் காலரா பரவியது. பிள்ளைக்கு எந்தப் பக்கத்து ரத்தம் வந்ததோ, யார் கண்டது? நான் தண்ணீரைக் காய்ச்சினேன்.

"இன்னாடி, நம்ம வம்சத்துக்கு வெந்நீரா? வெறகு ஜாஸ்தியா கெடக்குதா?" என்று சிரித்துவிட்டு, மாமியார் மற்ற எல்லோருக்கும் பானைத் தண்ணீரையே மொண்டு கொடுத்தார்.

படுத்தது அவர் ஒருவர்தான். அதே தண்ணீரைக் குடித்த மாமனாரும் அவர் பிள்ளைகளும் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்கு எப்படிடி வரும்? நான் இந்த வூட்டுக்காரி ஆச்சே" என்றார், கண் செருகியபடி.

"அத்தை, நீங்க நாட்றம்பள்ளிலேர்ந்து வாக்கப்பட்டு வந்தவங்க. தாலி கட்டினா ரத்தம் மாறிடுமா?" என்றேன்.

கஞ்சிக்கு வாயைத் திறந்தார். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை விடாமல் புகட்டினேன். எழுந்துவிட்டார். என் கைக்கஞ்சி அப்படி.

பிறகு கொழுந்தனுக்குப் பெண் பார்க்கப் போனோம். அங்கே என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மாமியார் சொன்னார்: "காலரா எனக்கும் வந்துச்சு, வந்த வழியே ஓடிடுச்சு. எங்க நாட்றம்பள்ளி ரத்தம் அப்படி!"