மோந்து பாத்து வாங்குங்க

2021 ஜூன் 21, காலை ஆறு மணி பத்து நிமிடம். பிள்ளைச்சாவடியில் எங்கள் வீட்டு வாசலில், கழுவிக் கவிழ்த்திருந்த அலுமினிய அன்னக்கூடையை நிமிர்த்தி, அம்மா அதற்குள் முகத்தை நுழைத்தாள். கொரோனாக் காய்ச்சல் விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்றுதான் மறுபடி மீன் விற்கப் புறப்பட்டாள். எத்தனை முறை கழுவினாலும் போகாத கவிச்சி அந்தக் கூடையில் உண்டு. தலையைத் தூக்கி, "ஒண்ணுமே வரல," என்றாள். பிறகு, "வெளிய சொல்லிடாத," என்றாள்.

லாஸ்பேட்டையில் அம்மா வாடிக்கையாக மீன் கொடுக்கும் வீடுகளில் யாரும் செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லை. அவள் "எடு" என்றால் எடுப்பார்கள். அந்த ஒற்றைச் சொல் செல்லாமல் போய்விடுமே என்பதுதான் அவளுடைய பயம். மூச்சிரைப்பையும் படியேறுகையில் நடுங்கும் முழங்காலையும் அவள் பொருட்படுத்தவில்லை. செவுளின் சிவப்பு, கண்ணின் தெளிவு, அழுத்தினால் எழும்பும் சதை என்று கண்ணாலும் விரலாலும் சமாளித்தாள். பேருந்துகள் சரியாக ஓடாத நாட்கள். ஸ்கூட்டரில் நான்தான் அவளை அழைத்துப் போனேன். அந்நியர் வாசல்களில் எனக்குப் பேச வராது. தெருமுனையிலேயே நின்றுகொள்வேன்.

பால் சுறா மட்டும் துண்டு போட்டு வரும். தலையும் கண்ணும் செவுளும் இராது. கெட்டதா என்பதை மூக்கு ஒன்றே சொல்லும். ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், பிள்ளை பெற்று வந்திருந்த மகளுக்குப் புட்டு செய்ய அரைக் கிலோ வாங்கினார். நாங்கள் அடுத்த தெருவைத் தாண்டுவதற்குள் கைபேசியில் அழைத்தார். திரும்பிப் போனோம். பாத்திரத்தைத் திறந்ததும், அன்று அவசரத்தில் வாசல்வரை போய் எட்டி நின்ற எனக்கே நெடி கண்ணில் ஏறியது. அம்மா அதன்மேல் குனிந்தும் முகம் சுளிக்கவில்லை.

"வெயிலு அப்பிடி. நீ என்ன பண்ணுவ," என்றார் டீச்சர். தப்பிக்க அவரே வழி விட்டார்.

"வெயிலு இல்ல டீச்சரம்மா. எனக்கு மோப்பம் போயி மூணு மாசம் ஆவுது. சொல்லாம வித்தேன். பச்ச ஒடம்புக்காரிக்குக் குடுத்துட்டேன்."

டீச்சர் பாத்திரத்தை மூடினார். அம்மா காசைப் படியில் வைத்துவிட்டு வந்தாள்.

இன்று அவளுக்கு மோப்பம் பாதி திரும்பியிருக்கிறது, அதுவும் கோணலாக. மல்லிகைப் பூ தீய்ந்த பால்போல் நாறுகிறது என்பாள். 'நாற்றம்' என்ற சொல் ஒருகாலத்தில் நறுமணத்தையும் குறித்தது என்று வகுப்பில் படித்ததைச் சொன்னேன். "அப்ப என் மூக்கு அந்தக் காலத்துக்குப் போயிடுச்சு," என்று சிரித்தாள். இலக்கியம் படிப்பவள் நான். சொல்லுக்கு உண்மையாயிருப்பது எது என்று யாரேனும் கேட்டால், என் நினைவுக்கு வருவது, பால் சுறா கெட்டுப்போனதற்கு மறுநாள் காலை அம்மா செய்ததுதான்.

அதே தெருவில், முகக்கவசத்தைத் தாண்டி அவள் குரல் எழுந்தது: "மீனேய்... மோந்து பாத்து வாங்குங்க. எனக்கு மூக்கு வேல செய்யல." முதலில் போனது டீச்சர் வீட்டுக்கு. அன்னக்கூடையைப் படியில் வைத்துவிட்டு நாலடி பின்னால் நகர்ந்தாள். அன்று நான் தெருமுனையில் நிற்கவில்லை. அவள் பக்கத்தில் நின்றேன். கதவு திறக்க நேரமாயிற்று. டீச்சர் கவசத்தை இறக்கி, கூடைக்குள் முகத்தை நுழைத்தார்.

"நல்லாதான் இருக்கு. உன் மூக்கு லீவு போட்டா எங்க மூக்கு வேல பாக்காதா?"

"நெசமா நல்லாருக்கா?" என்றாள் அம்மா.

மீனைப் பற்றி அவள் இன்னொருவரிடம் கேட்டு நான் பார்த்தது அதுவே முதல் முறை. கேட்டபோது அவள் தலை தாழவில்லை.